இணையதளத்தின் உரைகல்

நுழையும்முன்

கல்லூரிச் சேர்க்கை முதல் மின்கட்டணம் வரை இன்று பல பணிகள் இணையதளம் வழியாகவே நிகழ்கின்றன. ஒரு தளம் எல்லாருக்கும் பயன்படுகிறதா என்பதை எவ்வாறு அறிவது? பக்கங்கள் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்ட நிலையில், கணினியைக் கொண்டே கணினிப் பக்கங்களைச் சோதிக்கும் முறை தோன்றியது. அச்சோதனைக்குரிய விதிகளைத் தொகுத்து வைத்து, மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் வகையை விளக்குகிறது இப்பாடம்.

சோதனை மேடை

கோயம்புத்தூரின் கணபதி, பீளமேடு வட்டாரங்களில் பம்பு செய்யும் கூடம் ஒன்றிற்குள் சென்றால், இறுதியாகக் காணக் கிடைப்பது சோதனை மேடை. வார்ப்பு, கடைசல், கம்பிச்சுருள் சுற்றுதல், பொருத்துதல் எல்லாம் முடிந்த பம்பு அங்கே நீர்த்தொட்டியுடன் இணைக்கப்படுகிறது. எவ்வளவு உயரத்துக்கு அது நீரை ஏற்றுகிறது, நொடிக்கு எத்தனை லிட்டர் தருகிறது, எவ்வளவு மின்திறனை எடுத்துக்கொள்கிறது என்பன அளக்கப்படுகின்றன. அளப்பவர் தம் விருப்பம்போல் அளந்துவிட முடியாது. நீர்மூழ்கிப் பம்புக்கு ஐ.எஸ். 8034, தரைமேல் நிறுத்தும் மோனோசெட் பம்புக்கு ஐ.எஸ். 9079 என இந்தியத் தர அமைவனம் விதிமுறை வகுத்துள்ளது. விதிமுறை ஒருமுறை எழுதப்பட்டது. பெரிய ஆலையின் பம்பும் சந்துக்குள் இருக்கும் சிறு பட்டறையின் பம்பும் அதற்கே கட்டுப்பட்டவை. நூலுக்கும் இத்தகைய நடைமுறை உண்டு. 1956இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமாகிய சிட்ரா, நூலின் வலிமையையும் சீர்மையையும் வரையறுத்த முறைகளால் சோதித்துச் சொல்கிறது.

பஞ்சாலைகளுக்கும் பம்புகளுக்கும் பெயர்பெற்ற இந்நகரில் இன்று மென்பொருளும் ஒரு தொழில். விளாங்குறிச்சியில் டைடல் பூங்கா எழுந்தபின் அத்தொழில் மேலும் வளர்ந்தது. இணையதளமும் மனிதர் செய்யும் ஒரு பொருளே; செய்த பொருளுக்குச் சோதனை மேடை வேண்டும்.

அம்மேடை இல்லாவிடில் என்ன நேரும்? பொள்ளாச்சியை அடுத்த சிற்றூர் ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பார்வையற்ற மாணவி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் கணினித் திரையிலுள்ளதைப் பேச்சாக மாற்றித் தரும் ‘திரைபடிப்பான்’ என்னும் மென்பொருளின் உதவியால் சேர்க்கைப் படிவத்தை நிரப்புகிறார். ‘பெயர், எழுதும் பெட்டி’ என்கிறது கணினி, எழுதுகிறார். ‘பிறந்த நாள், எழுதும் பெட்டி’ என்கிறது, எழுதுகிறார். அடுத்து, ‘எழுதும் பெட்டி, காலி’ என்று மட்டும் சொல்லி நிற்கிறது. பெட்டியின் மேலே ‘சமூகச் சான்றிதழ் எண்’ என்று தெளிவாகவே அச்சாகியிருக்கிறது. ஆனால், அச்சொற்களும் அந்தப் பெட்டியும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை நிரல் எழுதியவர் கணினிக்குச் சொல்லவில்லை. கண்ணால் காண்பவருக்கு அண்மையே விளக்கம். காதால் கேட்பவருக்கு அந்த விளக்கம் கிட்டுவதில்லை. மாலைக்குள் விண்ணப்பம் சேர வேண்டும். கணினி மையத்தில் யாரையேனும் நிரப்பித் தரச் சொல்லலாம். அப்போது தம் மதிப்பெண், ஆதார் எண், கடவுச்சொல் அனைத்தையும் முன்பின் அறியாதவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இக்குறையைப் போக்க நிரலில் ஒரே ஒரு வரி போதும். வரியை எழுதுவது எளிது. எந்தப் பக்கத்தில் எந்தப் பெட்டிக்கு அவ்வரி விடுபட்டது எனக் கண்டறிவதே அரிது. அங்கேதான் விதிகள் தேவைப்படுகின்றன.

விதி என்பது யாது?

உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, இணையப் பக்கங்கள் யாவர்க்கும் எட்டும்படி அமைய வேண்டும் என்பதற்காக ‘இணைய உள்ளடக்க அணுகுதன்மை நெறிகள்’ என்னும் ஆவணத்தை வெளியிட்டுள்ளது. அதன் இரண்டாம் பதிப்பு 2008இலும், அதன் திருத்தங்களாகிய 2.1, 2.2 ஆகியன முறையே 2018, 2023ஆம் ஆண்டுகளிலும் வெளிவந்தன. இந்நெறிகள் மூன்று நிலைகளில் அமைந்தவை: தவிர்க்கவே கூடாதவை ‘ஏ’ நிலை, பெரும்பாலான அரசுகள் கட்டாயமாக்குவது ‘ஏஏ’ நிலை, அதனினும் உயர்ந்தது ‘ஏஏஏ’.

நெறி வேறு, விதி வேறு. ‘படங்களுக்கு ஈடான சொல் விளக்கம் இருத்தல் வேண்டும்’ என்பது நெறி. அதைக் கணினி சோதிக்க வேண்டுமாயின் மேலும் நுணுக்கிச் சொல்லியாக வேண்டும். விதிகளை எவ்வாறு எழுதுவது என்பதற்கே 2019இல் அக்கூட்டமைப்பு ஒரு வடிவம் வகுத்தது. அதன்படி ஒரு விதி மூன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒன்று, விதி பக்கத்தின் எந்த உறுப்புக்குப் பொருந்தும் என்பது. இரண்டு, அவ்வுறுப்பிடம் எதிர்பார்ப்பது யாது என்பது. மூன்று, தேறுவதற்கும் தவறுவதற்கும் எடுத்துக்காட்டுகள். சட்டம் இயற்றுவோர் கையாளும் கவனம் இங்கும் தேவை. ‘எல்லாப் படங்களும்’ என்று பொதுப்படச் சொன்னால், பக்கத்தின் ஓரத்தில் அழகுக்காக வரைந்த கோலத்துக்கும் விளக்கம் எழுத நேரும். திரைபடிப்பான் அதையும் வாசித்துக் கேட்பவரைச் சலிப்புறச் செய்யும்.

எண்ணால் அளக்கக்கூடிய விதிகளும் உள. எழுத்தின் நிறத்துக்கும் பின்புலத்தின் நிறத்துக்கும் இடையேயுள்ள ஒளிர்வு வேறுபாடு சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 : 1 என்னும் விகிதத்தில் இருத்தல் வேண்டும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து 21 : 1. ஈரோட்டு மஞ்சள் எவ்வளவு புகழ் பெற்றதாயினும், வெள்ளைப் பின்புலத்தில் மஞ்சள் எழுத்தை அமைத்தால் இவ்விதியில் அது தேறாது. இவ்விதியால் பயன் பெறுபவர் பார்வை மங்கியவர் மட்டுமல்லர். பல்லடத்து வெயிலில் கைப்பேசியைச் சாய்த்துச் சாய்த்துச் சந்தை விலை பார்க்கும் உழவரும் இதனால் பயனடைகிறார்.

2015ஆம் ஆண்டு டீக்யூ என்னும் நிறுவனம் இத்தகைய விதிகள் பலவற்றைக் கொண்ட ‘ஆக்ஸ்-கோர்’ என்னும் சோதனைக் கருவியைத் திறமூல மென்பொருளாக வெளியிட்டது. கூகுளின் ‘லைட்ஹவுஸ்’ முதலிய கருவிகளும் அதன் விதிகளைப் பயன்படுத்துகின்றன. ஒரு பக்கத்தை இக்கருவியிடம் கொடுத்தால், அது முடிவுகளை நான்காகப் பிரித்துத் தருகிறது: விதியை மீறியவை, தேறியவை, அப்பக்கத்துக்குப் பொருந்தாத விதிகள், மனிதர் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை. நான்காவது வகையை நினைவில் இருத்துதல் நன்று. பின்னர் அதற்கு வேலை இருக்கிறது.

விதிகள் தொகுதியாதல்

விதிகள் பல, பக்கங்களும் பல வகை. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் தளம் தமிழிலும் ஆங்கிலத்திலும் பயிர்ச் செய்திகளைத் தருகிறது. அது படிப்பதற்குரிய பக்கம். கல்லூரிச் சேர்க்கைத் தளம் நிரப்புவதற்குரியது. பேருந்து நேரம் காட்டும் பக்கம் அட்டவணையால் ஆனது. ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு முறையும் விதிகளைத் தனித்தனியே தேர்ந்தெடுத்தால் இரண்டு தீங்குகள் நேரும். ஒருவர் தேர்ந்தெடுத்த விதியை மற்றொருவர் மறப்பார். ஒரே நிறுவனத்தின் இரு தளங்கள் இரு வேறு அளவுகோலால் அளக்கப்படும். எனவே, விதிகளைப் பெயரிட்ட தொகுதிகளாகக் கட்டிவைத்து, வேண்டிய தளத்துக்கு வேண்டிய தொகுதியை எடுத்துப் பொருத்தும் முறை வழக்கிற்கு வந்தது. இதுவே ‘விதித்தொகுதி’ எனப்படுகிறது.

தொகுதி அமைப்பதற்குக் கருவியே ஒரு வசதி செய்து தருகிறது. ஒவ்வொரு விதிக்கும் ஓர் அடையாளப் பெயரும் சில குறிச்சொற்களும் உண்டு. ‘இரண்டாம் பதிப்பு, ஏ நிலை’, ‘2.1 திருத்தம், ஏஏ நிலை’, ‘நல்ல நடைமுறை’ என்பன போன்றவை குறிச்சொற்கள். ‘இன்ன குறிச்சொல் கொண்ட விதிகளை மட்டும் இயக்குக’ என்று அமைப்புக் கோப்பில் எழுதிவிட்டால், அக்குறிச்சொல்லுடைய எல்லா விதிகளும் ஒருசேர இயங்கும். பின்னர்த் தனி விதி ஒன்றைப் பெயர் சொல்லிச் சேர்க்கலாம். பெயர் சொல்லி நிறுத்தியும் வைக்கலாம்.

நல்ல அமைப்பில் தொகுதிகள் அடுக்கடுக்காக இருக்கும். அடித்தளத்தில் பொதுத்தொகுதி ஒன்று: பக்கத்துக்குத் தலைப்பு உண்டா, மொழி குறிக்கப்பட்டுள்ளதா, படங்களுக்கு மாற்றுரை உண்டா, நிற வேறுபாடு போதுமா என்பன அதில் அடங்கும். அதன்மேல் படிவத்தொகுதி: ஒவ்வொரு பெட்டிக்கும் பெயர் இணைந்துள்ளதா, பொத்தானுக்குப் பெயர் உண்டா, விரலால் தொடும் இடம் 2.2 திருத்தம் கேட்கும் 24க்கு 24 படப்புள்ளி அளவினதா என்பன அதன் விதிகள். அட்டவணைக்குத் தனித்தொகுதி. சேர்க்கைத் தளம் பொதுத்தொகுதியையும் படிவத்தொகுதியையும் எடுத்துக்கொள்ளும். பேருந்து நேரப் பக்கம் பொதுத்தொகுதியையும் அட்டவணைத்தொகுதியையும் எடுத்துக்கொள்ளும். பொதுத்தொகுதியை எவரும் படியெடுத்துத் தம் தளத்துக்குள் ஒட்டிவைத்தல் கூடாது. ஓரிடத்தில் இருப்பதைச் சுட்டிப் பயன்படுத்த வேண்டும். படியெடுத்தால், மூலத்தில் செய்த திருத்தம் படிக்கு வந்து சேராது. ஊர்ப் பொதுக்கிணற்று நீரைக் குடத்தில் மொண்டு வைத்துவிட்டு, கிணற்றைத் தூர்வாரியபின்னும் பழைய குடத்து நீரையே குடிப்பதற்கு ஒப்பாகும் அது.

பொதுவாக ஓரிடத்தில் செய்து பலவிடத்தில் வழங்குவதன் ஆற்றலைக் கொங்கு மாவட்டங்களின் அரசுத் தளங்களிலேயே காணலாம். கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர், நாமக்கல் முதலிய மாவட்டங்களின் அதிகாரப்பூர்வத் தளங்களைத் திறந்து பார்த்தால், அவை உடன்பிறந்தவை போல் தோன்றும். தேசியத் தகவலியல் மையம் அமைத்த பொதுத்தளமொன்றின் மீது அவை கட்டப்பட்டவை. அதன் பெயரிலேயே ‘சுகம்யா’, அதாவது எளிதில் எட்டக்கூடியது என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. பொது அச்சில் ஒரு நன்மையைச் செய்தால், அது மாவட்டந்தோறும் போய்ச் சேரும். பொது அச்சில் பிழை நுழைந்தால், அதுவும் அவ்வாறே சேரும். விதித்தொகுதியின் இயல்பும் இதுதான். தொகுதி எழுதுபவர் ஒரு பக்கத்துக்காக எழுதவில்லை. தாம் கண்டிராத பல பக்கங்களுக்காகவும், அவற்றைப் பயன்படுத்தப்போகும் தாம் அறியாத மனிதர்களுக்காகவும் முடிவெடுக்கிறார்.

தமிழுக்கெனச் சில விதிகள்

உலகப் பொதுவான தொகுதியை அப்படியே எடுத்துத் தமிழ்ப் பக்கத்துக்குப் பொருத்தினால் போதுமா? போதாது என்பதற்கு மொழிக்குறியீடே சான்று.

ஒவ்வொரு பக்கமும் தான் எந்த மொழியில் அமைந்தது என்பதை நிரலில் அறிவிக்க வேண்டும். தமிழுக்கு ‘டி, ஏ’ என்னும் ஈரெழுத்துக் குறியீடு. ஆங்கிலத்துக்கு ‘இ, என்’. அறிவிப்பைப் பார்த்தே திரைபடிப்பான் தமிழ்க் குரலையோ ஆங்கிலக் குரலையோ தேர்ந்தெடுக்கிறது. ஆங்கிலப் பக்கம் ஒன்றை அச்சாகக் கொண்டு தமிழ்ப் பக்கம் செய்பவர், சொற்களையெல்லாம் மாற்றிவிட்டு மொழிக்குறியீட்டை மட்டும் மாற்ற மறப்பது எளிதில் நேரக்கூடியது. கண்ணுக்குப் பக்கம் முழுத் தமிழ்; கணினிக்கு அது ஆங்கிலம். ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளைக் கண்டு தடுமாறும். சில குரல்கள் அவற்றை ஒலிக்காமலே கடந்துவிடும். பொதுத்தொகுதியின் விதியோ ‘மொழி குறிக்கப்பட்டுள்ளதா? குறியீடு முறையானதா?’ என்று மட்டுமே கேட்கிறது. ஆங்கிலக் குறியீடு உள்ளது; அது முறையான குறியீடுதான். விதி தேறியது என்று கருவி பச்சை விளக்குக் காட்டுகிறது. கேட்பவர் காதில் ஒன்றும் விழவில்லை.

இதற்கு மாற்றாகத் தமிழ்த்தொகுதி ஒன்றை அமைத்து, அதில் புதிய விதி எழுதலாம். இதற்குக் கருவி இடம் தருகிறது. ஒருங்குறியில் தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. பக்கத்திலுள்ள எழுத்துகளுள் பாதிக்கு மேற்பட்டவை அவ்விடங்களைச் சேர்ந்தவையாக இருந்து, மொழிக்குறியீடு தமிழாக இல்லாவிடில் அது மீறல் என்பது விதி. எழுதுவதற்குச் சில வரிகளே ஆகும். ஒருமுறை எழுதினால், தொகுதியைச் சுட்டும் எல்லாத் தமிழ்த் தளங்களுக்கும் அது காவல்.

இதன் மறுதலையும் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர்த் தமிழை இணையத்தில் ஏற்றியவர்கள் பல்வேறு எழுத்துருக் குறியாக்கங்களைக் கையாண்டனர். அவற்றுள் சிலவற்றில், திரையில் ‘அம்மா’ என்று தெரியும். உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது உரோம எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும். உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற கோடுகளாகத் தோன்றும். திரைபடிப்பான் அவற்றை வாசிக்கத் தொடங்கினால் கேட்பவர் காதைப் பொத்திக்கொள்வார். தமிழ்ப் பக்கம் என்று அறிவித்துவிட்டு, உள்ளே தமிழ் ஒருங்குறி எழுத்து ஒன்றேனும் இல்லாவிடில் மீறல் என்பது இதற்குரிய விதி. பழைய ஆவணங்களைப் புதிய தளத்துக்கு மாற்றும்போது இவ்விதி பெரிதும் உதவும்.

தெரிந்து தெளிவோம்

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றது. அதனோடு இணைந்து தமிழ் இணைய மாநாடும் நிகழ்ந்தது. அதே காலத்தில் தமிழ்நாடு அரசு, கணினியில் தமிழுக்குரிய தரக் குறியாக்கங்களாக ஒருங்குறியையும், 16 பிட் அனைத்தெழுத்துக் குறியாக்கமாகிய ‘டேஸ் 16’ என்பதையும் ஏற்று ஆணை பிறப்பித்தது.

தமிழ்த்தொகுதியில் மூன்றாவதாக வைக்கத்தக்க விதி சற்றே சுவையானது. குருடி மலையில் தோன்றி நொய்யலில் கலக்கும் ஆற்றின் பெயர் கௌசிகா. இப்பெயரை விசைப்பலகையில் தட்டும் பலர், ஔகாரக் குறியை இடாமல், எகரக் குறியையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு ‘கெளசிகா’ என்று எழுதிவிடுகின்றனர். கண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை. கணினிக்கோ இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். சரியாகத் தட்டித் தேடுபவருக்குத் தவறாக எழுதிய பக்கம் கிடைக்காது. திரைபடிப்பான் ‘கெ-ள-சி-கா’ என்று நான்கு எழுத்தாகப் பிரித்து ஒலிக்கும். எகரக் குறியேற்ற எழுத்தை அடுத்து ளகரம் வந்தால் பிழை என்று விதி எழுதிவிடலாமே எனத் தோன்றும். அவ்வாறு எழுதினால், குளத்து மீனாகிய கெளுத்தியும் பிழைப் பட்டியலில் அகப்பட்டுக்கொள்ளும். எனவே, ளகரத்தின்மேல் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாமல் அடுத்து வேறொரு மெய் தொடங்கும் இடங்களை மட்டும் விதி சுட்ட வேண்டும். அப்போதும் ‘மீறல்’ என்று தீர்ப்புச் சொல்லாமல், ‘மனிதர் பார்க்க’ என்னும் நான்காம் வகையில் சேர்ப்பதே முறை. இலக்கணம் கற்றவரும் நிரல் எழுதுபவரும் ஒரே மேசையில் அமர வேண்டிய இடம் இது.

விலக்குகள்

தொகுதியில் என்ன இருக்கிறது என்பதைவிட, என்ன நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். வழக்கமாக நிகழக்கூடியது இது: தளம் நாளைக் காலை திறக்கப்பட வேண்டும். இரவு சோதனையில் நிற வேறுபாட்டு விதி நாற்பது இடங்களில் மீறப்பட்டதாகக் கருவி காட்டுகிறது. நிறங்களை மாற்ற வடிவமைப்பாளரின் ஒப்புதல் வேண்டும். அவர் உறங்கப் போய்விட்டார். ‘இப்போதைக்கு’ என்று சொல்லி ஒருவர் அமைப்புக் கோப்பில் அவ்விதியை நிறுத்திவைக்கிறார். சோதனை தேறுகிறது, தளம் திறக்கப்படுகிறது. நிறுத்தியது அத்தளத்தின் தனிக்கோப்பிலாயின் தீங்கு அத்தளத்தோடு நிற்கும். பொதுத்தொகுதியிலாயின், அன்று முதல் அதைச் சுட்டும் எந்தத் தளத்திலும் அவ்விதி இயங்காது. இயங்காததை எந்த அறிக்கையும் சொல்லாது. மீறல்கள் குறைந்திருப்பதைக் கண்டு மேலாளர் மகிழவும் கூடும்.

இதனைத் தடுக்கச் சில ஒழுங்குகள் பின்பற்றப்படுகின்றன. விலக்கு ஒவ்வொன்றிற்கும் காரணமும், பொறுப்பாளரும், முடிவு நாளும் எழுதப்பட வேண்டும். அந்நாள் கடந்தால் விலக்குத் தானே நீங்கி விதி மீண்டும் இயங்க வேண்டும். விதி முழுவதையும் நிறுத்தாமல், குறிப்பிட்ட பக்கத்தின் குறிப்பிட்ட உறுப்புக்கு மட்டும் விலக்களிக்க வேண்டும். பொதுத்தொகுதியில் மாற்றம் செய்ய இருவர் ஒப்புதல் வேண்டும். தொகுதிக்குப் பதிப்பு எண் இட வேண்டும். எந்தத் தளம் எந்தப் பதிப்பால் சோதிக்கப்பட்டது என்பது அறிக்கையில் தெரிய வேண்டும். பதிப்பு எண் இல்லாத சோதனை அறிக்கை, முத்திரையிடாத எடைக்கல்லால் நிறுத்த பஞ்சுப் பொதி போன்றது.

சட்டமும் இங்கே கண்காணிக்கிறது. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009இல் முதன்முதலாக வெளிவந்தன. அவற்றின் மூன்றாம் பதிப்பு 2023இல் வெளிவந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல்களும் மின்னணு ஊடகங்களும் அவர்களுக்கு எட்டும் வடிவில் இருப்பதை உறுதிசெய்யுமாறு அரசுக்குக் கடமை விதிக்கிறது. வங்கிக் கணக்கு தொடங்குவதற்கான இணையவழி அடையாளச் சரிபார்ப்பில் கண்ணிமைத்துக் காட்டுமாறு கேட்கப்படுவதுண்டு. அமில வீச்சால் முகமும் கண்ணும் சிதைந்தவர் எவ்வாறு இமைப்பார்? அத்தகையோரும் பார்வையற்றோரும் தொடுத்த வழக்குகளில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21ஆம் கூறு வழங்கும் வாழ்வுரிமையின் பகுதியே எனத் தீர்ப்பளித்தது. ‘இப்போதைக்கு’ நிறுத்திவைத்த ஒரு விதி, ஒருவரது உரிமையை நிறுத்திவைத்ததாகவும் ஆகக்கூடும்.

கருவிக்கு எட்டாதவை

விதித்தொகுதி எவ்வளவு நேர்த்தியாக அமைந்தாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. 2017இல் பிரித்தானிய அரசின் மின்னணுச் சேவைத் துறையினர் ஒரு சோதனை செய்தனர். வேண்டுமென்றே 140க்கும் மேற்பட்ட தடைகளை இட்டு ஒரு பக்கத்தை உருவாக்கி, பத்துத் தானியங்கிக் கருவிகளிடம் கொடுத்தனர். எந்தக் கருவியாலும் தடைகளில் பாதியைக்கூடக் கண்டறிய முடியவில்லை. எந்தக் கருவிக்கும் அகப்படாமல் தப்பிய தடைகளும் பல. 2019இல் மனுவேல் மதுசோவிச் என்னும் ஆஸ்திரிய இணைய வல்லுநர் இதனைத் தலைகீழாகச் செய்து காட்டினார். லைட்ஹவுஸ் கருவியில் அணுகுதன்மைக்கு நூற்றுக்கு நூறு பெறும் பக்கம் ஒன்றை அமைத்தார். ஆனால், அதைச் சுட்டியாலும் விசைப்பலகையாலும் திரைபடிப்பானாலும் பயன்படுத்த இயலாது!

காரணம் எளியது. மாற்றுரை இருக்கிறதா என்று கருவி பார்க்கும். அது பொருத்தமானதா என்று அறியாது. பேரூர்க் கோயில் படத்துக்குப் ‘படம் 7’ என்று மாற்றுரை எழுதியிருந்தாலும் விதி தேறிவிடும். பெட்டிக்குப் பெயர் இணைந்துள்ளதா என்று பார்க்கும். ‘தந்தை பெயர்’ என்னும் பெயர் தாயின் பெட்டியோடு இணைந்திருந்தால் அதற்குத் தெரியாது. நாட்காட்டியைச் சுட்டியால் மட்டுமே திறக்க முடிகிறதா, படிவத்தின் நேரம் முடிவதற்குள் மெதுவாக நிரப்புபவர் முடிப்பாரா, எழுத்துப்பிழை வந்தால் ‘தவறு’ என்று சொல்லுமா அல்லது எது தவறு என்றும் சொல்லுமா என்பனவெல்லாம் மனிதர் அமர்ந்து பார்க்க வேண்டியவை.

ஆகவே, தேர்ந்த சோதனைக் குழுவினர் கருவியின் வேலை முடிந்தபின் சுட்டியைக் கழற்றி வைத்துவிடுவர். விசைப்பலகையின் ‘டேப்’ விசையை மட்டும் அழுத்திப் படிவத்தின் முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பொத்தான் வரை போய்ப் பார்ப்பர். பின்னர்த் திரையை அணைத்துவிட்டு, ‘என்விடிஏ’ போன்ற கட்டணமில்லாத் திரைபடிப்பானைக் கொண்டு காதால் மட்டுமே நிரப்பிப் பார்ப்பர். இறுதியாக, அதை நாள்தோறும் பயன்படுத்தும் பார்வையற்றவர் ஒருவரையே அழைத்து நிரப்பச் சொல்வர். இது இறுதியாக நிகழ்வதினும் முதலில் நிகழ்வதே சிறப்பு. நிறமும் வடிவமும் முடிவாகுமுன் அவர் சொல்லும் ஒரு சொல், பின்னர் எழுதும் பத்து விதிகளுக்கு ஈடாகும்.

அவ்வாறு மனிதர் கண்டறிந்த குறைகளுள் சில, மீண்டும் விதியாக மாறுகின்றன. ‘படம்’ என்னும் சொல்லும் ஓர் எண்ணும் மட்டுமே கொண்ட மாற்றுரையைக் கருவியே இனிக் கண்டுபிடிக்கலாம். ‘தவறு’ என்னும் ஒற்றைச் சொல் மட்டும் கொண்ட பிழைச் செய்தியையும் கண்டுபிடிக்கலாம். இரண்டு விதிகள் எழுதப்பட்டு, அவற்றுக்கான எடுத்துக்காட்டுகளும் சேர்க்கப்படுகின்றன. இருவர் ஒப்புதல் தருகின்றனர். தொகுதியின் பதிப்பு எண் ஒன்று கூடுகிறது. அன்றிரவு, அத்தொகுதியைச் சுட்டும் தளங்கள் அனைத்திலும் சோதனை தானே தொடங்குகிறது. விடியும்போது, நேற்றுவரை தேறியிருந்த சேர்க்கைப் படிவம் ஒன்று, பதினான்காம் பெட்டியில் மீறல் எனச் சிவப்புக் குறியுடன் நிற்கிறது. விண்ணப்பத்துக்குரிய கடைசி நாளுக்கு இன்னும் ஒன்பது நாள்கள் இருக்கின்றன.